தோட்டத்துத் தாய் தந்தையர்



குடிபெயர்ந்து வந்த குடும்பங்களில் பெற்றோர் செய்த தியாகத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று இச்சபையினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விஷயம் மிகப் பெரிது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த மக்கட் கூட்டங்கள் உலகில் எத்தனை உண்டோ அத்தனையின் வரலாறும் அதற்குள் அடங்கும். ஆகையால், எனக்கு நேரான பரிச்சயமுள்ள ஒரு பகுதியை மட்டும், அதாவது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஜீவனம் நடத்திய தாய் தந்தையரின் வாழ்க்கையை மட்டும், எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இம்மண்டபத்தில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

தியாகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனம் மகத்தான ஒரு சம்பவத்தைத் தேடிப் போகிறது. ஒருவர் உயிரைக் கொடுத்தார், ஒருவர் ராஜ்யத்தைத் துறந்தார் என்று கேட்டே பழகியிருக்கிறோம். பெற்றோரின் தியாகமோ இருபது முப்பது ஆண்டுகள் விடியற்காலை தோறும் சிறிது சிறிதாக நடந்து, நடந்ததே தெரியாதபடி வீட்டின் அன்றாட வழக்கங்களுக்குள் மறைந்து கிடப்பது. அதைக் கண்டுகொள்ள அன்பு மட்டும் போதாது, விஷய ஞானமும் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. ஒரு தொழில் எவ்வாறு நடக்கிறது என்று அறியாதவன், அத்தொழிலில் ஒருவர் எதை இழந்தார் என்றும் அறிய வழியில்லை. அறியாத இழப்புக்காக அவன் செலுத்தும் நன்றி வெறும் உபசார வார்த்தையாக நின்றுவிடுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து லண்டனுக்கு அருகே கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்ட ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1888இல் ஏற்ற ரிட்லி என்பவர், மரத்துக்குக் கேடு வராமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, காடுகள் தோட்டங்களாயின, தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்பு, கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி உறவினரையும் ஊராரையும் திரட்டிவரும் முறையே பிரதானமாக நடந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததோடு அதுவும் நின்றது. 1926இல் கட்டப்பட்ட எஸ். எஸ். ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் போய்வந்தது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் பலரும், சில வருஷங்களில் கடனைத் தீர்த்து ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பியவர்களே. பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், திரும்புவது அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப்போயிற்று. ஊர் திரும்பும் ஆசையை அவர்கள் எந்த நாளில் கைவிட்டார்கள் என்று எந்தக் குடும்பத்திலும் யாரும் குறித்து வைக்கவில்லை.

இனி, பால் வெட்டும் தொழிலை நிதானமாகப் பார்ப்போம். ரப்பர் மரத்தின் பால் பட்டைக்குள் உள்ள நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது குறைந்து, விடியலுக்கு முன்பு அக்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் தணிந்து பாலும் விரைவில் நின்றுவிடும். பால் அதிகம் வேண்டுமானால் இருட்டிலேயே வெட்டியாகவேண்டும் என்பது தோட்ட நிர்வாகியான துரையோ கணக்கரான கிராணியோ இட்ட கட்டளைக்கும் முந்திய இயற்கையின் கட்டளை. ஆகவே நான்கு மணிக்கு எழுந்து, சோறாக்கிக் கறி வைத்து, பெரட்டு என்னும் ஆஜர் கூட்டத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். ஒருவருக்கு 500 மரங்கள் அளவில் இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும் கோட்டில், ஒரு நாணயத்தின் கனமே உள்ள பட்டையைச் சீவியெடுக்க வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுப் பட்டை முடிச்சு விழும். அதற்கு மேற்பார்வையாளரான தண்டலின் ஏச்சு உண்டு. மேலோடு போனால் பால் குறையும். அதற்குச் சம்பளக் குறைவு உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர்தான். கொசுக்கள் மொய்க்கும் இருட்டில், மங்கலான ஒரு வெளிச்சத்தில், எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் போயிராத ஒரு பெண்மணி அந்த ஒரு மில்லிமீட்டரை ஒரு காலைப்பொழுதில் ஐந்நூறு தடவை பிசகாமல் காப்பாற்றினார். சங்கீதத்திலும் சிற்பத்திலும் இத்தகைய கைத்திறனைக் கண்டால் நாம் வித்தை என்று போற்றுகிறோம். நம் தாய்மாரிடம் அது இருந்ததை, நாள் முழுதும் அவர்கள் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்ததிலிருந்தாவது நாம் ஊகித்திருக்கலாம்.

வெட்டி முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. மரத்தில் கட்டிய கிண்ணங்களாகிய மங்குகளில் பால் நிறையும் வரை காத்திருந்து, வெட்டுமுன் பிரித்தெடுத்த முதல் நாளைய ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் சாக்கில் சேர்த்து, பத்து மணியளவில் மரம் மரமாக மறுபடி நடந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். தோளில் அந்தக் கம்பு தங்கிய இடம் காய்த்துப்போயிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறோம். முதுகு தேய்த்துவிடும்போது கை அந்த இடத்தில் தட்டுப்படும். பிறவியிலேயே அப்படி அமைந்த உடம்பு என்று நினைத்துக்கொண்டோம்.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ஏனெனில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே இருந்த தூரத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் விஷயம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்கி மங்குக்கு வாராது மரத்தின் உடம்பெல்லாம் பரவி வீணாகும். வெட்டிய பின் மழை பிடித்தாலோ மங்கிலுள்ள பாலும் நீரோடு கலந்து வழிந்து போகும். ஆகவே மழை நாளில் வேலையில்லை. நாட்கூலி முறை இருந்தவரையில், வேலையில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. இரவில் தகரக் கூரையில் மழை இறங்கும் ஓசையைக் கேட்டவுடன் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஆனந்தம் பொங்கும். காலையில் அம்மா வீட்டில் இருப்பார், சுடச்சுட ஏதேனும் செய்து தருவார், அடுப்படியில் அவரருகே உட்கார்ந்திருக்கலாம். அதே ஓசையைக் கேட்டுக்கொண்டு அதே பாயில் படுத்திருந்த அம்மா, இந்த மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, கடைக்காரருக்கு எவ்வளவு பாக்கி, அதில் எவ்வளவைத் தள்ளிப்போடலாம் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். காலையில் அந்தக் கணக்கின் சாயல் ஒரு துளியும் முகத்தில் தெரியாமல் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தந்தார். எங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக அவர் மறைத்த அந்தக் கவலையைத்தான், தோட்டத்து வாழ்வில் நான் கண்ட தியாகங்களில் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். கூலி போனது மழையால் வந்த நஷ்டம். முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டது அவராக மனமுவந்து கொடுத்தது.

இதனோடு சேர்த்து அறியவேண்டிய வேறொரு விவரமும் உண்டு. மேற்குக் கரையிலுள்ள தோட்டங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கடுமை. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்க்கும். அப்போது பாலும் வற்றும். நம் பள்ளிக்கூடங்கள் திறந்ததோ நெடுங்காலம் ஜனவரியில். புத்தகம், உடுப்பு, காலணி, பஸ் கட்டணம் என்று செலவுகள் ஒருசேர வந்து நிற்கும் மாதம், மழையினால் வருமானம் இளைத்து, இலையுதிர்வினால் மேலும் இளைக்கப்போகிற மாதம். இந்த விவரத்தை அறிந்த பிறகு, ஜனவரி மாதத்தில் நம் தாய்மாரின் கழுத்தில் சங்கிலி காணாமற்போய் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டணத்து அடகுக்கடைக்குப் போன அந்தச் சங்கிலி சில வருஷங்களில் சித்திரைக்குள் மீண்டது; சில வருஷங்களில் வட்டி கட்டிக் கட்டி வருஷக் கடைசி வரை போயிற்று; சில வீடுகளில் மீளவே இல்லை. ‘நகை போட்டால் வெட்டும்போது கையில் தட்டுகிறது, அதனால் கழற்றி வைத்திருக்கிறேன்’ என்று பிள்ளையிடம் சொன்ன தாயாரை நான் அறிவேன். மகன் நம்பினான், நம்பவேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்பட்டது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். இந்திய அரசாங்கத்தின் சார்பில் 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட நாட்கூலியைப் பழையபடி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்று உயர்த்தித் தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். தோட்டத்து வேலையை முடித்து வீட்டுக்கு வந்தபின் இரண்டாவது வேலையை ஆரம்பித்த பெண்ணுக்குத்தான் அந்தப் பத்துச் சதம் குறைவு. விடியுமுன் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுப்போன அவர், திரும்பி வந்து, புளித்த பால் நாற்றம் ஏறிய வேலை உடுப்பைப் புறக்கடை ஆணியில் மாட்டிக் குளித்து முடிக்கும் வரையில் குழந்தையைத் தொடமாட்டார். ஓடிவரும் பிள்ளையை ‘கிட்டே வராதே’ என்று அதட்டி நிறுத்திய குரலை அன்பின்மை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையின் சட்டையிலிருந்து அந்த நாற்றம் வீசிப் பிறர் முகம் சுளிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதட்டலாக வெளிப்பட்டது.

தந்தையரைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் பேசாமல் இருந்ததைப் பற்றியே எல்லாரும் சொல்கிறார்கள். தகப்பனார் வீட்டில் வாய்திறப்பதில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் வாசல் மரத்தடியில் சைக்கிளோடு நின்றுவிடுவார், உள்ளே வரமாட்டார் என்று. அவர் நடமாடிய சாலையின் சம்பிரதாயத்தை அறிந்தால் இதன் காரணம் புலனாகும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அக்காலத்துத் தோட்டங்களின் ஒழுங்கு. வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அன்றே கூரையும் போகும். அதனால், பிள்ளைகள் தலைக்குமேல் ஒரு கூரை இருக்கவேண்டும் என்று நினைத்த மனிதர் தினம் பலமுறை சைக்கிளை விட்டு இறங்கினார். பிள்ளையின் வாத்தியார் முன்னிலையிலும் அந்த உடம்பு தானாக ஒதுங்கி நின்றது.

ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே கிடந்தார்கள் என்று சொல்வது சரித்திரத்துக்கு விரோதம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கூட, சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தை நீக்கவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி தரவேண்டும் என்பவையும் இருந்தன. ஆர். எச். நாதன் என்ற தலைவர் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தமக்குரிய மானத்தையும் தம் பிள்ளைகளுக்குரிய பள்ளிக்கூடத்தையும் ஒரே மனுவில் கேட்ட அவர்களை, வாயில்லாப் பூச்சிகள் என்று எண்ணி இரங்குவது நியாயமாகாது. பொறுத்தது எதற்காகவோ அதற்காகவே எதிர்த்தும் நின்றார்கள்.

அடுத்த ஆண்டே ஜப்பானியர் காலம் வந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து ஆண்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றார்கள். திரும்பாதவர் மிகப் பலர். தோட்டத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டு, அதையே உண்டு, பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். அக்காலத்தைக் கடந்துவந்த பாட்டிமார், சோற்றுப் பானையைக் கழுவிய நீரைக்கூடக் கொட்ட மனம் வராமல் நின்றதையும், அரிசிப் பீப்பாய் பாதிக்குக் கீழே இறங்கினால் அமைதியிழந்து போனதையும் கண்டு, பணம் காசு வந்த பிறகும் கருமித்தனம் போகவில்லையே என்று பேசிய வீடுகள் இருந்தன. அந்தப் பாட்டிமார் தங்களுக்காக அஞ்சியவர்கள் அல்லர்; ஒரு குழந்தை பசியால் அழுதபோது கொடுக்க ஒன்றுமில்லாதிருந்த ஓர் இரவை மனத்தில் வைத்திருந்தவர்கள்.

ஊருக்கு எழுதிய கடிதங்களும் இவ்வகைச் சாட்சியங்களே. தோட்டத்து வாத்தியார் எழுதித் தரும் அந்தக் கடிதத்தில் ‘இங்கு யாவரும் நலம்’ என்ற வாக்கியம் தவறுவதில்லை. மலேரியாவில் கிடந்தவரும் அதைத்தான் எழுதச் சொன்னார். கூடவே மணியார்டர் போயிற்று. தங்கையின் கல்யாணம், தகப்பனாரின் வைத்தியம், அடமானம் போன நிலம் என்று அக்கரையில் ஒரு குடும்பம், இக்கரையில் ஒரு குடும்பம் என இரண்டையும் ஒரு கூலியால் தாங்கியவரின் தகரப் பெட்டியைத் திறந்தால், நூலால் கட்டிய மணியார்டர் ரசீதுகள் கற்றையாக இருக்கும். அவற்றை வெறும் பழங்காகிதம் என்று எறிந்துவிட்டவர்கள், ஓர் ஆயுட்காலத்தின் வரவு செலவையே எறிந்தார்கள்.

சேமித்ததும் அவர்களே. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கித் தொழிலாளர் வீடிழந்து நின்ற சமயத்தில், மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமியுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மழைக்காலத்தில் அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்பொழுது உங்களால் எண்ணிப்பார்க்க முடியும். பிரஜா உரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டுமென்ற சட்டம் 1969 வாக்கில் வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரவர் ரஜூலாவிலும் பிற கப்பல்களிலும் ஏறி, நாற்பது வருஷங்களாகக் கண்டிராத ஊருக்குத் திரும்பினார்கள். பிரஜா உரிமைக்குரிய நீலக் கார்டு பெற்ற பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போன பெற்றோரும் அவர்களில் உண்டு. அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசவேண்டும்.

என்னிடம் சிலர் ஓர் ஆட்சேபம் கூறுவதுண்டு: பெற்றோரின் தியாகத்தை இவ்வளவு புகழ்ந்தால், அதை நிர்ப்பந்தித்த அநீதியை மறந்துவிடமாட்டோமா என்று. நியாயமான கேள்விதான். தியாகம் என்ற பெருஞ்சொல்லை மட்டும் சொல்லிக் கும்பிட்டால் அந்த அபாயம் உண்டு. விவரத்தைச் சொன்னால் இல்லை. பத்துச் சதம் குறைந்த கூலியையும், மழை நாளுக்குக் கூலி மறுத்த கணக்கையும், சைக்கிளை விட்டு இறங்கவைத்த ஒழுங்கையும் சொல்லாமல் அவர்களுடைய தியாகத்தைச் சொல்லவே முடியாது. அவர்கள் கொடுத்தது எவ்வளவு என்று எழுதும்போது, அவர்களிடமிருந்து பிடுங்கியது எவ்வளவு என்பதும் அதே ஏட்டில் விழுந்துவிடுகிறது.

இது நம்மோடு முடிந்த கதையும் அன்று. இலங்கையில் போர் மூண்டபின் டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் சென்ற யாழ்ப்பாணத்துப் பெற்றோர், ஊரில் ஆசிரியராகவும் குமாஸ்தாவாகவும் இருந்தவர்கள், அங்கே ஆலையிலும் உணவகச் சமையற்கட்டிலும் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டு அடையாளங்கள் வேறு. பனிக்காலத்து இரவுப் பஸ்ஸின் நேரமும், கதவருகே கழற்றி வைத்த வேலைச் சப்பாத்தும் அவற்றில் இருக்கும். அவற்றை எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் அங்கே வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு ஆவலுண்டு.

இங்கே நமக்குக் காலம் குறைவு. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புப் பேட்டைகள் எழும்பிவிட்டன. லயங்களில் வாழ்ந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ‘எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்’ என்று அவர்களைக் கேட்டால், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தொழிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உளியை எப்படித் தீட்டுவீர்கள், எந்த நிரை உங்களுடையது, மரத்துக்கு மரம் எத்தனை அடி, மழை வருமென்று எதைக் கொண்டு அறிந்தீர்கள், ஆயாக்கொட்டகையில் யார் இருந்தார், சங்கிலியை எந்த வருஷம் மீட்டீர்கள் என்று கேளுங்கள். எழுபத்தைந்து வயதான ஓர் அம்மையாரிடம் அவருடைய பேத்தி இவ்வாறு கேட்டபோது, அவர் சமையற்கட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்து, நாற்காலியின் காலை மரமாகக் கொண்டு, கோடு எங்கே தொடங்க வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தாராம். பேத்தி பிடித்த பிடியைத் திருத்தித் திருத்திக் கடிந்தும் கொண்டாராம். தம் வித்தையைக் கேட்க ஒருவர் வந்தார் என்பதில் அவருக்கு உண்டான பெருமிதத்தை, எத்தனை புகழுரைகளாலும் நாம் உண்டாக்கியிருக்க முடியாது.

இச்சபையின் நூலகத்தார், இத்தகைய விவரங்களைத் தொகுத்து வைக்க ஓர் அலமாரியை ஒதுக்கித் தர இசைந்திருக்கிறார்கள். உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டு எழுதியவை எவ்வளவு சிறிதாயினும், எழுத்துப் பிழையோடு இருப்பினும், தோட்டத்தின் பெயரும் வருஷமும் குறித்துக் கொண்டுவந்து கொடுங்கள். மணியார்டர் ரசீது, சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கட்டு எதுவாயினும் பார்த்துப் பிரதி எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். அவற்றை வரிசைப்படுத்தும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இங்கே இருப்பேன்.